காம்புப் புண்ணும் 'நார்மல்' மேமோகிராமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய் பற்றி நாளிதழ்களிலும் விழிப்புணர்வு முகாம்களிலும் சொல்லப்படுவது பெரும்பாலும் 'கட்டி இருக்கிறதா, தடவிப் பாருங்கள்' என்பதோடு நின்றுவிடுகிறது. கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படாமல், மார்புக்காம்பின் தோலில் ஒரு சின்னப் புண்ணாக மட்டும் தலைகாட்டும் புற்றுநோய் ஒன்று உண்டு. அதன் பெயர் பேஜட் நோய். அதைக் கண்டறிவதில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ மூன்றும் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதை வாசகர்களுக்கும், ஸ்கேன் சீட்டு எழுதித் தரும் மருத்துவர்களுக்கும் சொல்லவே இக்கடிதம். நீண்டுவிட்டது, விவரங்கள் முக்கியம் என்பதால் சுருக்காமல் வெளியிட வேண்டுகிறேன்.

லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் 1874-ல் இந்த நோயை விவரித்தார். காம்பிலும் அதைச் சுற்றியுள்ள கருவளையத்திலும் நாள்பட்ட புண் வந்த 15 பெண்களைப் பற்றி எழுதினார். அத்தனை பேருக்கும் பிற்பாடு அதே மார்பகத்தின் உள்ளே புற்றுநோய் வந்தது. (அவர் பெயரிலேயே எலும்பு நோய் ஒன்றும் இருக்கிறது. இணையத்தில் தேடுபவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.)

மார்பகப் புற்றுநோய் நூற்றில் 1 முதல் 3 வரைதான் இவ்வகை. அரிது என்பது சரி. ஆனால் 2022-ல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. அதில் நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலே ஆண்டுக்கு 1,900 பேர் ஆகிறது. இவர்களில் பலர் முதலில் போவது புற்றுநோய் மருத்துவரிடம் அல்ல, தெருமுனை மருந்துக் கடைக்கு. அங்கே கிடைப்பது படைக்குப் போடும் கலவைக் களிம்பு.

சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. காம்பு சிவந்து, செதில் உதிர்ந்து, அரித்து, சில நாள் ஈரம் கசிந்து, சில நாள் பொருக்குத் தட்டிக் கிடக்கும். பார்ப்பதற்குக் கரப்பான் (எக்ஸிமா) என்னும் தோல் அழற்சி போலவே இருக்கும். ஸ்டீராய்டு களிம்பு போட்டால் சிவப்பு குறையும், அரிப்பு அடங்கும், 'சரியாகிவிட்டது' என்ற எண்ணம் வரும். களிம்பை நிறுத்தியதும் திரும்பி வரும். இப்படியே மாதங்கள் ஓடிவிடுகின்றன. சாதாரணக் கரப்பான் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், கருவளையத்தில் தொடங்கும், காம்பை விட்டுவைப்பதும் உண்டு. பேஜட் நோய் அநேகமாக ஒரு பக்கம் மட்டும்தான் வரும். காம்பில் தொடங்கிக் கருவளையத்துக்குப் பரவும். நாளாக ஆக காம்பின் வடிவத்தையே தின்று தட்டையாக்கும், சில நேரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு பக்கக் காம்பில் வந்த புண்ணுக்குக் களிம்பு போட்டுப் பார்ப்பதென்றால் இரண்டு வாரம், மிஞ்சிப்போனால் மூன்று வாரம். அதற்குள் தோல் முழுதாகத் தேறவில்லை என்றாலோ, தேறித் திரும்பி வந்தாலோ அதற்கு மேல் களிம்பு கூடாது.

புண் தோலில் தெரிந்தாலும் நோயின் வேர் பெரும்பாலும் உள்ளே இருக்கிறது. பால் நாளங்களின் உட்சுவரில் உருவான புற்றுச் செல்கள் நாளத்தின் வழியாகவே ஏறிவந்து காம்பின் மேல்தோலுக்குள் புகுந்துகொள்கின்றன என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பத்தில் எட்டொன்பது பேருக்கு அதே மார்பகத்தின் உள்ளே புற்று இருக்கும். அது நாளத்தை விட்டு வெளியேறாத டிசிஐஎஸ் ஆகவும் இருக்கலாம், நாளச் சுவரை உடைத்துக்கொண்டு பரவிய புற்றாகவும் இருக்கலாம். கையால் தொட்டுப் பார்க்கும்போது கட்டி தட்டுப்பட்டால் பரவும் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கட்டி இல்லையென்றால் டிசிஐஎஸ் மட்டும் இருக்கக் கூடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உள்ளே இருக்கும் புற்று காம்புக்கு நேர் பின்னால்தான் இருக்கும் என்பதில்லை. பல சென்டிமீட்டர் தள்ளி, மார்பகத்தின் வேறொரு கால்பகுதியிலும் இருக்கலாம்; ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலும் இருக்கலாம்.

ஆகவே இங்கே கேள்விகள் இரண்டு. காம்பில் இருப்பது புற்றா? உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு தூரம் இருக்கிறது? முதல் கேள்விக்குப் பயாப்ஸிதான், அதாவது தோலிலிருந்து சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனைதான், விடை சொல்லும். இரண்டாவதற்குத்தான் ஸ்கேன். இந்த இரண்டையும் ஒன்றாக்கி, முதல் கேள்விக்கு மேமோகிராமிடம் பதில் கேட்பதுதான் நடைமுறையில் நடக்கும் மிகப்பெரிய தவறு.

பேஜட் நோய் உள்ளவர்களில் கணிசமானோருக்கு, சில ஆய்வுத் தொகுப்புகளில் பாதிப் பேர் வரைக்கும், மேமோகிராம் எந்தக் குறையும் காட்டுவதில்லை. கட்டி தட்டுப்படாதவர்களிடம் இது இன்னும் அதிகம். காரணம் கருவியின் கோளாறு அல்ல. காம்பின் மேல்தோலுக்குள் ஒன்றிரண்டு செல் அடுக்குகளில் பரவியிருக்கும் நோய்க்கு எக்ஸ்ரேயில் நிழல் விழாது. உள்ளே இருக்கும் டிசிஐஎஸ்ஸும் பெரும்பாலும் சுண்ணாம்புத் (கால்சியம்) துகள் படிந்தால்தான் மேமோகிராமில் தெரியும். துகள் படியாத டிசிஐஎஸ் பெரும்பாலும் கண்ணுக்கு அகப்படாது. மார்பகத் திசு அடர்த்தியாக உள்ள இளவயதுப் பெண்களிடம் சிறு கட்டியும் வெள்ளைப் பின்னணியில் வெள்ளையாக மறைந்துபோகும்.

ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ் 1' என்று எழுதியிருந்தால் 'இந்தப் படத்தில் குறை ஏதும் தெரியவில்லை' என்று அர்த்தம். 'காம்புப் புண் புற்றில்லை' என்று அர்த்தம் இல்லை. பைராட்ஸ் எண் படத்துக்குக் கொடுக்கும் எண். புண்ணுக்குக் கொடுக்கும் எண் அல்ல. சந்தேகத்துக்குரிய புண் கண்ணெதிரே இருக்கும்போது, படம் நார்மல் என்பதற்காகப் பயாப்ஸியைத் தள்ளிப்போடக் கூடாது. ரிப்போர்ட் எழுதும் கதிரியக்க மருத்துவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 'மேமோகிராமில் குறை இல்லை; காம்பில் ஆறாத புண் இருப்பதால் தோல் பயாப்ஸி தேவை' என்று அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுத வேண்டும்.

அப்படியானால் மேமோகிராம் எதற்கு? உள்ளே இருப்பதைக் காட்டும்போது அது காட்டுவது மதிப்புள்ளது. காம்புக்குப் பின்னாலிருந்து உள்நோக்கி நூல் இழுத்ததுபோலவும் கிளைபிரிந்தும் செல்லும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள், காம்பு, கருவளையத் தோலின் தடிப்பு, உள்ளிழுத்த காம்பு, காம்புக்கு அடியில் ஒரு கட்டி, திசு அமைப்பு சுருங்கிக் கோணியது - இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்து எங்கே ஊசி போட வேண்டும் என்பது தெரிந்துவிடும். மறு மார்பகத்தையும் அதே அமர்வில் பார்த்துவிடலாம். இரண்டு பக்கமும் சேர்த்து உடலில் சேரும் கதிர்வீச்சு சுமார் 0.4 மில்லிசீவர்ட்தான், நாம் இயற்கையாகச் சில வாரங்களில் பெறும் அளவு. கதிர்வீச்சுக்குப் பயந்து இதைத் தவிர்ப்பதில் பொருளில்லை.

எடுக்கும் விதத்தில் கவனிக்க வேண்டியவை பல. மேலிருந்து கீழாக ஒன்று, சாய்வாக ஒன்று என ஒவ்வொரு பக்கமும் இரண்டு படம் எடுப்பது வழக்கம். அவற்றில் ஒன்றிலாவது காம்பு பக்கவாட்டுத் தோற்றத்தில், விளிம்பில் துருத்தி நிற்குமாறு தெரிய வேண்டும். காம்பு மடங்கித் திசுவின் மேல் விழுந்திருந்தால் அதுவே கட்டி போலத் தோன்றும். உண்மையான கட்டியை மறைக்கவும் செய்யும். வழக்கமான படங்களில் காம்பு சரியாக விழவில்லை என்றால் காம்புப் பகுதியை மட்டும் தனியாக அழுத்தி இன்னொரு படம் எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அதே பகுதியைப் பெரிதாக்கிய படமும் வேண்டும். நுண்ணிய துகள்களின் வடிவம் அதில்தான் பிடிபடும். '3டி மேமோகிராம்' எனப்படும் டோமோசிந்தசிஸ் திசு ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைப்பதைக் குறைக்கும். ஆனால் தோலுக்குள் இருக்கும் நோயை அதனாலும் காட்ட முடியாது. காம்புத் தோல் படத்தின் விளிம்பில் கறுத்துப்போய் இருக்கும் என்பதால், திரையில் வெளிச்ச அளவை மாற்றி அந்த விளிம்பைத் தனியே பார்க்கும் பழக்கம் வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். காம்புப் புண்ணுக்குப் போடும் களிம்புகளில் துத்தநாக ஆக்ஸைடு கலந்தவை உண்டு. அவற்றின் மிச்சம் தோல் மடிப்பில் இருந்தால் மேமோகிராமில் சுண்ணாம்புத் துகள்போலவே வெள்ளைப் புள்ளிகளாக விழும். டால்கம் பவுடரும், அக்குளில் போடும் டியோடரன்டும் அப்படியே. இல்லாத நோயைக் காட்டி ஊசி போடும் நிலைக்கும் இது கொண்டுபோகும். அன்று காலை குளித்துவிட்டு, பவுடர், களிம்பு, எண்ணெய் எதுவும் போடாமல் போக வேண்டும். புண் ஈரமாக இருந்தால் படம் எடுக்கும் டெக்னீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெல்லிய உறையிட்டு எடுக்கலாம், வலியைக் குறைக்கும்படி பார்த்து அழுத்தலாம், அடுத்தவருக்கு முன் தட்டைக் கிருமிநாசினியால் துடைக்கலாம். மஞ்சள், கற்றாழை, பச்சிலைப் பற்று போட்டுக்கொண்டு போவது மருத்துவரின் கண்ணையே மறைத்துவிடும். புண் எப்படி இருக்கிறதோ அப்படியே காட்ட வேண்டும்.

ஸ்கேன் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'மேமோகிராம் - இரண்டு பக்கம்' என்று மட்டும் எழுதி வரும் சீட்டும், 'வலது மார்பில் வலி' என்று எழுதி வரும் சீட்டும் பாதிக் கண்ணைக் கட்டிவிட்டுத் தேடச் சொல்வதற்குச் சமம். 'வலது காம்பில் நான்கு மாதமாக ஆறாத புண், கட்டி தட்டுப்படவில்லை, பேஜட் நோயா?' என்று ஒரே வரி எழுதினால் போதும். எடுப்பவர் காம்பைச் சரியாக நிறுத்துவார். பார்ப்பவர் காம்பிலிருந்து தொடங்குவார். அல்ட்ராசவுண்டும் அன்றே நடந்துவிடும். சீட்டில் இது இல்லையென்றால் அந்தப் பெண்ணோ உடன் வந்தவரோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூச்சம் வேண்டாம்.

அல்ட்ராசவுண்டுக்கு வருவோம். மேமோகிராமில் தெரியாத சிறு கட்டியையும், விரிந்த பால் நாளத்தையும், நாளத்துக்குள் நிற்கும் திசுவையும் இது காட்டக் கூடும். அக்குள் நெறிக்கட்டிகளையும் இதிலேயே பார்த்துவிட வேண்டும். மார்பகத்தை மட்டும் பார்த்துவிட்டு அக்குளை விட்டுவிட்ட ரிப்போர்ட் அரைகுறை ரிப்போர்ட். 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அல்ட்ராசவுண்டில் தொடங்குவது வழக்கம். 40-க்கு மேல் மேமோகிராமும் சேர்ந்தே வேண்டும். இடைப்பட்ட வயதில் எதில் தொடங்கினாலும், இந்தப் புண்ணுக்கு இரண்டும் தேவைப்படுவதே அதிகம். காம்பு அல்ட்ராசவுண்டுக்குச் சவாலான இடம். காம்பின் நார்த்திசுவும் இடையில் சிக்கும் காற்றும் சேர்ந்து நேர் கீழே கறுப்பு நிழலைப் போட்டுவிடும். நோய் ஒளிந்துகொள்ளும் இடமும் அதுதான். உயர் அதிர்வெண் கொண்ட நீள்முகப் புரோப் (தோலின்மேல் வைத்து நகர்த்தும் கருவி), தாராளமான ஜெல், காம்பின் பக்கத்திலிருந்து சாய்த்துப் பார்ப்பது, மறு கையால் எதிர்ப்பக்கம் அழுத்திக் காம்பைப் படுக்கவைத்து நாளத்தை நீளவாக்கில் பார்ப்பது என்று பொறுமையாகச் செய்தால் நிழல் விலகும். அவசரத்தில் புரோபைக் காம்பின்மேல் வைத்து எடுத்துவிட்டால் நிழல்தான் மிஞ்சும். அல்ட்ராசவுண்டும் நார்மலாக இருக்கலாம். அப்போதும் பயாப்ஸி தேவை என்பது மாறாது.

அந்தப் பயாப்ஸி பெரிய அறுவை அல்ல. மரத்துப்போகும் ஊசி போட்டு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் வட்டக் கத்தியால் தோலின் முழு ஆழத்துக்கும் ஒரு துண்டு எடுப்பார்கள். இல்லையென்றால் ஆப்பு வடிவில் சிறு கீற்று. ஒன்றிரண்டு தையல், அன்றே வீடு. தவறுவது எங்கே என்றால்: மேல் பொருக்கை மட்டும் சுரண்டி அனுப்புவது, மேல்தோலே அழிந்துபோன புண்ணின் நட்டநடுவில் எடுப்பது, கருவளையத்தில் மட்டும் எடுத்துக் காம்பை விட்டுவிடுவது. காம்புத் தோல் துண்டில் கட்டாயம் இருக்க வேண்டும்; புண்ணின் விளிம்பும் இருந்தால் நல்லது. கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்க்கும் சோதனையில் புற்றுச் செல் தெரிந்தால் உதவும். தெரியவில்லை என்றால் அதை நம்பி விட்டுவிட முடியாது. எடுத்த துண்டு உடனே ஃபார்மலின் பாட்டிலுக்குள் போக வேண்டும். சலைனில் போட்டு அனுப்பினால் செல்கள் கெட்டுவிடும். சிகிச்சையை முடிவுசெய்ய உதவும் ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்னும் புரதம் ஆகியவற்றை நம்பிச் சோதிக்க, துண்டு ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் இருந்திருக்க வேண்டும். மெலனோமா (தோலின் நிறமிச் செல் புற்று), போவன் நோய் (மேல்தோலோடு நிற்கும் தொடக்கநிலைத் தோல் புற்று) ஆகியவையும் நுண்ணோக்கியில் இதே சாயலில் தெரியும் என்பதால் சிகே7 என்னும் புரதம் உள்ளிட்ட சாயச் சோதனைகள் வைத்துத்தான் நோயியல் மருத்துவர் பிரித்துச் சொல்வார். பேஜட் செல்களில் பெரும்பாலானவை சிகே7, ஹெர்2 இரண்டையும் காட்டும். முதல் பயாப்ஸி 'கரப்பான்' என்று வந்து, புண்ணும் ஆறவில்லை என்றால் மறுபடி எடுக்க வேண்டும்.

எம்ஆர்ஐக்கு இடம் வருவது இதற்குப் பிறகு. காம்பில் பேஜட் நோய் உறுதியாகி, மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் ஒன்றும் காட்டவில்லை என்றால், உள்ளே மறைந்திருப்பதைத் தேட எம்ஆர்ஐதான் மிகக் கூர்மையான கருவி. மார்பகத்தைக் காப்பாற்றும் அறுவை சாத்தியமா என்று முடிவெடுக்கும் முன்பும் இது உதவும். சுண்ணாம்புத் துகள் இல்லாத டிசிஐஎஸ், காம்பிலிருந்து பின்னோக்கி மணி கோத்ததுபோல் ஒளிரும் கோடாக இதில் தெரியக் கூடும். ஆரோக்கியமான காம்பின் மேற்பரப்பும், எம்ஆர்ஐக்காக நரம்பில் போடும் மருந்து ஏறியதும் ஒளிரும். அது இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் தடித்து ஒழுங்கற்று ஒளிர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். அழற்சியிலும் ஒளிரும் என்பதால் எம்ஆர்ஐயும் பயாப்ஸிக்குப் பதிலாகாது.

எம்ஆர்ஐக்குச் செலவழிப்பவர்கள் சரிபார்க்க வேண்டியவை: கடோலினியம் மருந்து ஏற்றித்தான் எடுக்க வேண்டும், மருந்தில்லாமல் எடுத்தால் இந்த நோயைத் தேடப் பயன்படாது. மார்பகத்துக்கென உள்ள காயிலில் (சிக்னலை வாங்கும் சட்டகத்தில்), குப்புறப் படுக்கவைத்து எடுக்க வேண்டும். மல்லாந்து படுக்கவைத்து எடுத்த படம் உதவாது. மருந்தின் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முன்னதாகக் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட வேண்டும். மாதவிடாய் நிற்காதவர்களுக்குச் சுழற்சியின் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் எடுத்தால் சாதாரணத் திசு ஒளிர்வது குறைந்து படம் தெளிவாக இருக்கும்; புற்று உறுதியான பிறகு இதற்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். பேஸ்மேக்கர் இருந்தால் முதலில் சொல்லுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றுவதற்குத் தயக்கம் இருப்பது தெரியும். தங்கத்தைவிட அதில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகள்தான் ஆபத்து: அவை இரும்பு, காந்தம் இழுத்துவிடும். வெறும் மஞ்சள் கயிற்றை மாற்றிக் கட்டிக்கொண்டு போகலாம்.

எம்ஆர்ஐயில் ஏதோ ஒளிர்ந்தது என்பதற்காக மட்டும் முழு மார்பகத்தையும் எடுத்துவிடக் கூடாது. ஒளிர்வதெல்லாம் புற்றில்லை. அந்த இடத்தைக் குறிவைத்து மறுபடி அல்ட்ராசவுண்ட் பார்த்து, தெரிந்தால் 14 கேஜ் (தடிமனான) ஊசியால் திசு எடுக்க வேண்டும். சுண்ணாம்புத் துகள் என்றால் மேமோகிராம் வழிகாட்டுதலில் எடுத்து, எடுத்த துண்டையே எக்ஸ்ரே பிடித்துத் துகள் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேராகப் பெட் ஸ்கேனுக்கு ஓடுபவர்களும் உண்டு. சிறிய டிசிஐஎஸ்ஸைப் பெட் ஸ்கேன் தவறவிடும். காம்புப் புண்ணுக்கு முதல் சோதனை அதுவல்ல. வெப்பப் படம் பிடிக்கும் முகாம்களும் மேமோகிராமுக்கு மாற்றில்லை.

இத்தனை தேடலும் எதற்கென்றால், அறுவையின் அளவு இதில்தான் முடிவாகிறது. புற்று காம்புப் பகுதியில் அடங்கியிருந்தால் காம்பு, கருவளையம், அதன் அடித்திசு ஆகியவற்றை மட்டும் எடுத்து, பின்னர் மார்பகம் முழுவதற்கும் கதிர்வீச்சு தரலாம். 2001-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில் இப்படிச் சிகிச்சை பெற்ற 61 பேரில், ஐந்தாண்டில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது சுமார் 5 சதவீதம். அவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே டிசிஐஎஸ் மட்டுமே இருந்தது என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். உள்ளே பல இடங்களில் இருந்தால் முழு மார்பகத்தையும் எடுப்பதே வழி. எந்த அறுவையானாலும் காம்பை வைத்துக்கொள்ள முடியாது. அறுவைக்கு முந்தைய படங்களின் சிடியைப் பத்திரமாக வைத்திருங்கள். மார்பகம் காப்பாற்றப்பட்டவர்களுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் மேமோகிராமை அதனோடு ஒப்பிட்டுத்தான் படிக்க முடியும்.

ஆண்களுக்கும் அபூர்வமாக இந்த நோய் வரும். அவர்களுக்கும் வரிசை இதேதான்.

கடைசியாக, சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்யும் செவிலியர்கள் 'கட்டி இருக்கிறதா' என்று கேட்கிறார்கள். அதோடு 'காம்பில் செதில், புண், கசிவு இருக்கிறதா? உள்ளாடையின் உள்பக்கத்தில் மஞ்சளாகவோ ரத்தமாகவோ கறை படிகிறதா? அது ஒரே பக்கமா? எத்தனை வாரமாக?' என்ற கேள்விகளையும் படிவத்தில் சேர்க்க வேண்டும். பரிசோதனையின்போது காம்பை நல்ல வெளிச்சத்தில், பொருக்கை நனைத்து நீக்கிவிட்டு, மறு பக்கத்துக் காம்போடு ஒப்பிட்டுப் பார்க்கவும் பயிற்சி தர வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு டார்ச்சும் ஈரப் பஞ்சும் போதும்.

இப்படிக்கு,
மார்பகக் கதிரியக்க மருத்துவர் ஒருவர்,
மதுரை.
(பெயர் வெளியிட வேண்டாம்)